இருபத்திரண்டாவது பெயர்

இலை எடை போட்ட கொட்டகைதான்
இப்போது அருங்காட்சியகம்.
நுழைவுச் சீட்டு பத்து ரூபாய்.
கோத்தகிரிப் பாதையில் வழிதவறிய கார்கள் நின்று
கழிப்பறை இருக்கிறதா என்று கேட்கும்.
இருக்கிறது என்பேன்.
போகிற போக்கில் பார்த்துவிட்டும் போவார்கள்.

உள்ளே
ஜோடி சேராத முப்பத்தொரு செருப்புகள்.
ஒரு தராசு, முள் நான்கு கிலோவில் நிற்கிறது
தட்டில் ஒன்றுமில்லாமலே.
மூன்றாம் வகுப்பு வருகைப் பதிவேடு:
வெள்ளிக்கிழமை வரை சிவப்பு மை,
திங்கட்கிழமைக் கட்டத்தில்
யாரோ தேதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடிப் பெட்டியில்
மலை இறங்கிய இரவின் மண், ஒரு கூடை.
ஆடியில் ஈரம் எப்படியோ உள்ளே புகுந்துவிடும்,
பெரணி முளைக்கும்.
பிடுங்கலாமா என்று வட்டாட்சியருக்கு எழுதினேன்.
'பராமரிக்கவும்' என்று பதில் வந்தது.
எதை என்று இல்லை.

கறுப்புப் பலகையில் நாற்பத்துமூன்று பெயர்கள்.
தோட்டத்துச் சம்பளப் பட்டியலைப் பார்த்து
வேலைக்குச் சேர்ந்த வாரம் நான் எழுதியவை.

போன மாதம் திருப்பூரிலிருந்து
பனியன் கம்பெனி வேன் ஒன்று வந்தது.
ஸ்வெட்டருக்கு மேல் துண்டு சுற்றிய பெண்கள்,
கையில் வர்க்கிப் பொட்டலம்.
ஒருத்தி மட்டும் பலகை முன் நின்றாள்.
உதடு அசையாமல் படித்துக்கொண்டே வந்து
இருபத்திரண்டில் நின்றாள்.
அதற்கடுத்ததில் இன்னும் அதிக நேரம்.

'ஒரு எழுத்து தப்பா இருக்கு தம்பி.
மங்கலேஸ்வரி இல்ல, மங்களேஸ்வரி.
தலைமன்னார்ல கப்பல் ஏறும்போதுகூட
சரியாத்தான் எழுதிக் குடுத்தாங்க.'

உங்களுக்குச் சொந்தமா என்றேன்.
'நான்தான்.'

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

ஆறு இருபது, கடைசி பஸ்.
மஞ்சள் பை, இருபத்தேழு ரூபாய்,
இடது காதில் அடைத்த பஞ்சு.
சாரலுக்குக் கண்டக்டர் படுதாவை இறக்கிவிட்டதால்
லயத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.
முடிந்தாலும் பார்த்திருக்க மாட்டேன் என்றாள்.
மூன்றாம் நாள்
மேட்டுப்பாளையத்து டீக்கடைப் பேப்பரில்
தான் செத்துப்போனதைப் படித்தாள்.
அதிலும் இதே 'ல'.

இருபத்துமூன்று, அருளானந்தன்.
அந்தப் பெயரில் பிழை ஏதுமில்லை என்று
அவளே சொன்னாள்.

எனக்கு விதிகள்தான் தெரியும்.
பெயரை நீக்க மனு வேண்டும்,
உயிரோடிருப்பதற்குச் சான்று வேண்டும்,
கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வேண்டும்.

'எடுக்கச் சொல்லலியே.
எழுத்த மட்டும் மாத்துங்க.'

கொட்டகைக்குப் பின்னால்
ஆளுக்கொன்றாக நட்ட சில்வர் ஓக் மரங்கள்.
என்னுது எது என்றாள்.
எண்ணிக்கொண்டே போனோம்.
மேலிருந்தா கீழிருந்தா என்று எனக்கே சந்தேகம்;
ஒன்றைக் காட்டினேன்.
அதில் மிளகுக்கொடி ஏறியிருந்தது,
எவனோ தன் காதலியின் பெயரைச் செதுக்கியிருந்தான்.
முக்காடு நழுவ அண்ணாந்து பார்த்தாள்.
'நல்லா வளந்திருக்கேன்.'
பக்கத்து மரத்தைப் பார்க்கவில்லை.

பார்வையாளர் ஏட்டில்
பெயர்க் கட்டத்தின் மேல் பேனா கொஞ்சம் நின்றது.
'பன்னிரண்டு பேர், திருப்பூர்' என்று எழுதினாள்.
பத்து ரூபாயை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன். சீட்டுக்குக் கணக்கு உண்டு.

'ல'வை 'ள' ஆக்குவது லேசில்லை.
முதலில் பிளேடால் சுரண்ட வேண்டும்.
சுரண்டிய இடத்தில் பலகை வெளுத்துவிட்டது,
பெயருக்கு நடுவில் ஒரு சொட்டுப் பனி மாதிரி.
அதன்மேல் எழுதினேன்.
நவம்பரில் அமைச்சர் யாராவது வருவார்,
பெயர்களை நான்தான் உரக்க வாசிக்க வேண்டும்.
ஆளில்லாத கொட்டகையில்
நாக்கை மடித்து இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

பெயிண்ட் ஈரம், தொடாதீர்கள் என்று
அட்டை ஒன்று வைத்திருக்கிறேன்.
இந்த மலையில் எதுவும் சீக்கிரம் காயாது.